11 நாள், 11,000 மைல்: எந்த பிராண்டை நம்பிப் புறப்படலாம்?

கேள்வி இதுதான்: அயர்ன் பட் ராலி மாதிரியான நெடுந்தூரப் போட்டிகளில் எந்த பிராண்ட் பைக் அதிகம் நம்பகமானது? முடித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் பி.எம்.டபிள்யூ. நிறைய இருக்கிறது. நடுவழியில் நின்றவர்கள் கதையிலும் அதே பெயர்தான் அடிக்கடி வருகிறது. ஹோண்டா வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டி உடையவே உடையாது என்கிறார்கள். எதைத்தான் நம்புவது?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், ஹோண்டா எஸ்டி1100, எஸ்டி1300, கோல்டுவிங் ஜிஎல்1800, யமஹா எஃப்ஜேஆர்1300. இந்த நான்கில் ஒழுங்காகப் பராமரித்த எதைக் கொடுத்தாலும் நாளைக்கே புறப்பட்டுவிடுவேன். இதில் நான் சொன்னது எல்லாம் மாடல் பெயர். வெறும் பிராண்ட் பெயரை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏன் என்பதற்குத்தான் கீழே இவ்வளவு நீளம்.

முதலில் இந்த ராலி வண்டியிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். அயர்ன் பட் ராலி முதலில் நடந்தது 1984-இல். இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்காவில் நடக்கிறது. சுமார் நூறு பேர் புறப்படுகிறார்கள். 11 நாளில் ஏறத்தாழ 11,000 மைல், அதாவது 17,700 கி.மீ. இது வேகப் போட்டி கிடையாது. எந்தெந்த இடத்துக்குப் போனால் எத்தனை புள்ளி என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். எங்கே போவது, எதை விடுவது என்று ஓட்டுபவரே கணக்குப் போட்டு, குறித்த நேரத்துக்குள் செக்பாயிண்டுக்கு வந்து சேர வேண்டும். நாளுக்கு 1,000 மைல் என்றால் 1,610 கி.மீ. தினமும் 20 மணி நேரம் இதற்கே ஒதுக்கினாலும் சராசரி 80 கி.மீ. வேகம் வேண்டும். பெட்ரோல் போடுவது, அந்த இடத்துக்குப் போனதற்குச் சாட்சியாகப் போட்டோ எடுப்பது, சாப்பிடுவது எல்லாம் அந்த 20 மணிக்குள் அடக்கம். மீதி 4 மணி நேரத்தில்தான் தூக்கம்.

இந்தக் கணக்கில் 2 மணி நேர ரிப்பேர் என்றால் 160 கி.மீ. போச்சு. வலிக்கும், ஆனால் தாங்கலாம். ஒன்றரை நாள் ரிப்பேர் என்றால் ராலியே போச்சு. அதனால் இங்கே நம்பகத்தன்மை என்பதற்கு இரண்டு பாதி உண்டு. வண்டி எத்தனை தடவை நிற்கிறது என்பது ஒரு பாதி. நின்றால் ரோட்டோரத்தில் வைத்து, கையில் இருக்கும் டூல்ஸை வைத்துக்கொண்டு மறுபடி கிளப்ப முடிகிறதா என்பது இன்னொரு பாதி. பிராண்ட் சண்டைகளில் இந்த இரண்டாவது பாதி பேச்சுக்கே வருவதில்லை.

அடுத்து, பலருக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம். இந்த மாதிரி ஓட்டத்தில் என்ஜின் உடைவது மிக அரிது. 11,000 மைல் என்றதும் என்ஜினைப் பற்றித்தான் பயப்படத் தோன்றும். ஆனால் என்ஜினுக்கு இதைவிடச் சுகமான வாழ்க்கை கிடையாது. என்ஜின் தேய்வது அதிகமும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஆயில் சூடாகும் முன் கொஞ்ச தூரம் ஓட்டி அணைக்கும்போதும்தான். ராலியில் காலையில் ஒரு தடவை சூடானால் நடுராத்திரி வரை ஒரே ஆர்.பி.எம்., ஒரே வெப்பம், நல்ல காற்றோட்டம். தினமும் ஆபீசுக்கு 4 கி.மீ. போய் வரும் வண்டியின் என்ஜின்தான் உண்மையில் கஷ்டப்படுகிறது. இன்றைய ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட டூரிங் என்ஜின் எதுவாக இருந்தாலும், ஆயில் இருக்கும்வரை 17,700 கி.மீ. அதற்குப் பெரிய விஷயமே இல்லை. காலை வாருவது என்ஜினைச் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்தான். பேரிங், கனெக்டர், சுவிட்ச், ரெகுலேட்டர், சீல், டயர், அப்புறம் நாமே கூடுதலாக மாட்டியவை.

சரி, பட்டியலுக்கு வருவோம். முடித்தவர்கள் பட்டியலில் பெயரை எண்ணி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இந்த ராலியில் புறப்படும் வண்டிகளில் பி.எம்.டபிள்யூ., ஹோண்டா, யமஹா மூன்றும்தான் அதிகம். அதிகம் புறப்படுவது அதிகம் முடிக்கும், அதிகம் உடையவும் செய்யும். எத்தனை புறப்பட்டதில் எத்தனை நின்றது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் எண்ணிக்கை பத்தாது. ஒரு மாடலில் 10 வண்டி புறப்பட்டு ஒன்றுகூட உடையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு என்று கொண்டாடத் தோன்றும். ஆனால் அந்த மாடலில் நான்கில் ஒன்று உடையும் என்பதே உண்மையாக இருந்தாலும், 10 வண்டியும் தப்பிப்பதற்கு 5 சதவீதத்துக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது. புள்ளியியலில் இதற்கு ஒரு சுலபமான குறுக்குவழி உண்டு. ஒன்றுமே உடையவில்லை என்றால், 3-ஐப் புறப்பட்ட எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான உடைவு விகிதம் அதுவரை இருக்கலாம். 10 வண்டி என்றால் 30 சதவீதம் வரை, 30 வண்டி என்றால் 10 சதவீதம் வரை. ஒரே மாடலில் 30 வண்டி ஒரு ராலியில் புறப்படுவது மிக அபூர்வம். ஆகவே 'போன ராலியில் எங்கள் பிராண்ட் ஒன்றுகூட நிற்கவில்லை' என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை வைத்து வண்டி வாங்காதீர்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில் வெந்த சோற்றுக்கு அது சரி. ஒரு பிராண்ட் என்பது ஒரே பானை கிடையாது. ஹோண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டி1100 என்ற வண்டி, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் அலட்டிக்கொள்ளாத வி4 என்ஜின், செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ், 28 லிட்டர் டேங்க். நெடுந்தூரக்காரர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதே ஹோண்டாவின் விஎஃப்ஆர்800-இல் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டரும் அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் எரிந்துபோவது ஊரறிந்த குறை. டேங்கில் ஒரே இறக்கைச் சின்னம், உள்ளே வேறு வேறு கதை. எஸ்டி1100-க்குள்ளேயேகூட ஆரம்ப வண்டிகளில் மின்சாரம் தயாரிக்க 28 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் இருந்தது. 1996-இல்தான் 40 ஆம்பியர் வந்தது. சூடேறும் ஜாக்கெட், கூடுதல் விளக்கு எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டுபவருக்கு 1994 வண்டியும் 1997 வண்டியும் ஒன்றல்ல.

பொதுவான உரிமையாளர்களிடம் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2015-இல் வெளியிட்டது. 4 ஆண்டு வயதான வண்டிகளில் பழுதடைந்தவற்றின் விகிதம் யமஹாவுக்கு 11 சதவீதம், சுசூகிக்கும் ஹோண்டாவுக்கும் 12, கவாசாகிக்கு 15, ஹார்லிக்கு 26, டிரையம்ஃபுக்கு 29, டுகாட்டிக்கு 33, பி.எம்.டபிள்யூ.வுக்கு 40. ஜப்பான் பிராண்டுகள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று தெளிவாகப் பிரிகிறது. இந்த இடைவெளியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 40 சதவீதத்தில், நடுவழியில் நின்ற வண்டியும் இருக்கும், பெட்ரோல் அளவு காட்டும் முள் பொய் சொன்ன வண்டியும் இருக்கும். பழைய ஆர்1200 வரிசையில் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் அளவுமானிப் பட்டை கெட்டுப்போவது வாடிக்கையான தொல்லை. வாரண்டியில் மாற்ற வேண்டும், உரிமையாளருக்கு எரிச்சல், கணக்கில் ஒரு பழுது. ராலி ஓட்டுபவருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. அவர் டிரிப் மீட்டரைப் பார்த்துத்தான் பெட்ரோல் போடுகிறார்.

பல நாள் பாலைவன ஓட்டமான டக்கார் ராலியைக் காட்டி கேடிஎம்தான் உலகிலேயே உறுதியான பிராண்ட் என்று சொல்பவர்களும் உண்டு. 2001 முதல் 2019 வரை, ரத்தான 2008-ஐத் தவிர, ஒரு ஆண்டு விடாமல் 18 முறை கேடிஎம் வென்றது. பிரமிக்க வைக்கும் சாதனைதான். ஆனால் டக்கார் வண்டியை இரவில் கூடாரத்தில் மெக்கானிக்குகள் பிரித்து மேய்ந்துவிடுகிறார்கள். ஃபில்டர், டயர், பிரேக், தேவைப்பட்டால் கிளட்ச், எல்லாம் புதுசு. அங்கே ஜெயிப்பது வண்டியோடு சேர்ந்து ஓட்டுநர், மெக்கானிக், ஸ்பேர் லாரி எல்லாம் கொண்ட ஒரு குழு. ஆலை அணியில் இல்லாதவர்கள்கூட வாங்கக்கூடிய ராலி வண்டியும், அதற்கு முகாமிலேயே பாகங்களும் கிடைத்ததால்தான் அத்தனை பேர் கேடிஎம்மில் போனார்கள். அதிலிருந்து நீங்கள் ஷோரூமில் வாங்கும் கேடிஎம்மைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. பிரான்சின் ல மான், போல் தோர் 24 மணி நேர பைக் ரேஸ்களும் அப்படித்தான்.

இப்போது பி.எம்.டபிள்யூ. விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வியின் அடியில் இருப்பது இதுதான்.

பி.எம்.டபிள்யூ.வின் கெட்ட பெயருக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு பாகம், ஃபைனல் டிரைவ். ஷாஃப்டில் வரும் சுழற்சியை 90 டிகிரி திருப்பிப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கும் கியர்ப் பெட்டி. கே1200எல்டி, ஆர்1150, ஆர்1200 வரிசைகளில் இதற்குள் இருக்கும் பெரிய பேரிங் கெட்டுப்போன கதைகள் ஏராளம். பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் ஒற்றைக்கை ஸ்விங் ஆர்ம் என்பதால் சக்கரத்தின் மொத்தப் பளுவையும் அந்த ஒரு பெட்டிதான் தாங்குகிறது. உள்ளே இருப்பதோ கால் லிட்டருக்கும் குறைவான ஆயில். ஆர்1200 வந்த புதிதில் அந்த ஆயில் ஆயுளுக்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று கம்பெனி சொன்னது. பிறகு அதை மாற்றிக்கொண்டு, குறித்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொன்னது. அது போக 2015-இல் பின்சக்கரம் பொருத்தும் ஃபிளேஞ்சில் விரிசல் வரலாம் என்று பல மாடல்களைத் திரும்ப அழைத்தது. சக்கர போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் விரிசல் வரும் என்பது அதில் சொன்ன காரணம்.

இந்த ஒரு பாகம் ஏன் இவ்வளவு பெயரைக் கெடுத்தது என்றால், ரோட்டோரத்தில் அதை ஒன்றும் செய்ய முடியாது. செயின் அறுந்தால் லிங்க் போடலாம். ஃபைனல் டிரைவ் போனால் வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் போவதும் இல்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாக டக் என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆயிலை வடித்து, இரண்டு விரலுக்கிடையே தேய்த்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் இயல்பு. ஜிகினா மாதிரி மினுமினுப்பு தெரிந்தால், விரலில் கரகரவென்று தட்டுப்பட்டால், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள். சீல் ஓரத்தில் ஈரம் கசிந்து சக்கரத்தில் எண்ணெய்க் கோடு விழுந்திருந்தாலும் அதே பதில்தான். 20,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றி, ஒவ்வொரு டயர் மாற்றும்போதும் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, பி.எம்.டபிள்யூ.விலேயே பல லட்சம் கிலோமீட்டர் கடந்தவர்கள் நெடுந்தூரக்காரர்களில் நிறைய உண்டு. ராலியின் முன்வரிசையில் அந்த பிராண்ட் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

அதே காலத்து பி.எம்.டபிள்யூ.வில் சாவியை அடையாளம் காணும் வளைய ஆன்டெனா கெட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்வதும் உண்டு. இதற்குத் தீர்வு சுலபம். உள்ளங்கை அளவு ஸ்பேர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். இரண்டாவது பாதி என்று மேலே சொன்னேனே, அது இதுதான். ஒரே வண்டியில் ஒரு குறை லாரியில் ஏற்றுகிறது, இன்னொன்று கால் மணி நேரத்தில் முடிகிறது.

எஃப்ஜேஆர்1300-ஐ மேலே புகழ்ந்தேன். அதிலும் குறை இருக்கிறது. 2006-இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறையில், பல எர்த் வயர்கள் ஒன்றாகச் சேரும் சின்னக் கனெக்டர் ஒன்று உண்டு. உரிமையாளர்கள் 'ஸ்பைடர்' என்று அழைப்பார்கள். அதில் உப்புப் பூத்து, சூடேறி, உருகி, ஓடும்போதே மின்சாரம் போய்விடும். இக்னிஷன் சுவிட்ச் தொல்லையும் அந்தத் தலைமுறையில் உண்டு. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அந்த எர்த் வயர்களைத் தனியாக பாட்டரிக்கே கொண்டுபோய் இணைத்துவிட்டார்கள். ஒரு மதிய நேர வேலை. அதன் பிறகு அந்த வண்டி வால்வ் கிளியரன்ஸ் (வால்வின் இடைவெளி) பார்க்க 42,000 கி.மீ. வரை என்ஜினைத் திறக்கவே விடாது. ஹார்லியின் ட்வின் கேம் என்ஜினில் 1999 முதல் 2006 வரை கேம் செயினை இறுக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் தேய்ந்து தூள் ஆயிலில் கலப்பதும், கவாசாகி கேஎல்ஆர்650-இல் பேலன்சர் செயின் லீவர் உடைவதும் இதே ரகம். தெரிந்தால் முன்கூட்டியே மாற்றிவிடலாம். தெரியாதவருக்கு அது தலையெழுத்து.

எந்த வண்டியாக இருந்தாலும் மின்சாரம்தான் என் முதல் கவலை. மேலே சொன்ன 2015 கணக்கிலும் பழுதுகளில் கால்வாசி மின்சாரம் சம்பந்தப்பட்டதுதான். என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். என்ன பிராண்ட் என்பது வேண்டாம், எல்லா பிராண்டிலும் நடக்கக்கூடியதுதான் இது. 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டும் முயற்சியில் இருந்தேன். ஹேண்டில்பாரில் சின்ன வோல்ட்மீட்டர் வைத்திருந்தேன். வழக்கமாக 14.1 காட்டும். அன்று சாயங்காலம் 13.2 காட்டியது. பார்த்தேன், கூடுதல் விளக்கு எரிவதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நடுராத்திரி தாண்டி 12.4. அப்புறம் 11.9. ஹெட்லைட் மஞ்சளாகத் தொடங்கியது. சூடேறும் ஜாக்கெட்டை அணைத்தேன், கூடுதல் விளக்கை அணைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பெட்ரோல் பங்க் வரை வந்து விளக்குக் கம்பத்தின் கீழே நிறுத்தினேன்.

சீட்டைக் கழற்றியதும் வாசனையே சொல்லிவிட்டது. ஸ்டேட்டரில் இருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர்கள் சேரும் வெள்ளைக் கனெக்டர், ஒரு மூலையில் வறுத்த வேர்க்கடலை நிறத்துக்கு வந்திருந்தது. இழுத்தால் வரவில்லை. ஒரு பின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போய்விட்டது. மூன்று வயரையும் கனெக்டருக்கு இரு பக்கமும் வெட்டி, கருத்துப்போன செம்பைப் பளபளப்பு வரும் வரை சுரண்டி, நேருக்கு நேர் முறுக்கி, ஒவ்வொன்றாக டேப் சுற்றினேன். மூன்றும் மாறுதிசை மின்சாரம் என்பதால் எதை எதோடு சேர்த்தாலும் தவறில்லை என்பது ஒரு நிம்மதி. பங்கில் இருந்த ஒருவர் கார் பாட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தார். 14.0 காட்டியது. மீதி 600 கி.மீ. அப்படியே ஓடினேன். அந்த முயற்சி நேரத்துக்குள் முடியவில்லை. 70 நிமிடம் தாமதம். சாயங்காலமே 13.2-ஐ மதித்து, வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால் 20 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பைக்குகளில் இருப்பது ஷண்ட் வகை ரெகுலேட்டர். ஸ்டேட்டர் எப்போதும் தன்னால் முடிந்த முழு மின்சாரத்தையும் தந்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது போக மீதியை ரெகுலேட்டர் குறுக்கிணைத்து வெப்பமாகக் கரைத்துவிடும். அதாவது விளக்கை எல்லாம் எல்இடி ஆக்கி, ஜாக்கெட்டையும் அணைத்தாலும் ஸ்டேட்டருக்கும் அந்த மஞ்சள் வயர் கனெக்டருக்கும் ஓய்வே கிடையாது. கனெக்டரில் கொஞ்சம் துரு பிடித்தால் போதும், தடை ஏறும், சூடேறும், சூடேறினால் தடை இன்னும் ஏறும். சீரீஸ் வகை ரெகுலேட்டர் மாட்டினால் தேவைக்கு ஏற்பத்தான் ஸ்டேட்டரிலிருந்து மின்சாரம் எடுக்கும். நெடுந்தூரம் போகும் வண்டிக்கு நான் செய்யும் முதல் மாற்றம் இதுதான். கூடவே அந்தக் கனெக்டரை நீக்கிவிட்டு நேரடியாகச் சால்டர் செய்துவிடுகிறேன். சார்ஜிங் நின்றுவிட்டால் 12 ஆம்பியர்-மணி பாட்டரி, ஃபியூயல் பம்பும் இக்னிஷனும் ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கும் சுமார் 15 ஆம்பியருக்கு முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

இன்னொரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ராலியில் பிராண்டின் தலையில் விழும் பழியில் பெரும் பகுதி நாமே மாட்டிய சாமான்களுடையது. அயர்ன் பட் ராலியில் மொத்தப் பெட்ரோல் 11.5 அமெரிக்க காலன், சுமார் 43.5 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் பெரும்பாலோர் பின்னால் ஒரு கூடுதல் டேங்க் கட்டுகிறார்கள். அதன் ஹோஸ் மடங்கும், காற்றுத்துளை அடைத்துக்கொள்ளும், பிராக்கெட்டில் விரிசல் விடும். 20 லிட்டர் பெட்ரோல் என்றால் 15 கிலோ. அதை சீட்டைத் தாங்கும் சப்ஃபிரேமின் நுனியில் தொங்கவிட்டு 17,000 கி.மீ. குலுக்கினால் எந்தக் கம்பெனியின் வெல்டிங்கும் யோசிக்கும். மூன்று ஜிபிஎஸ், நான்கு விளக்கு, ஃபியூஸ் பெட்டி, எல்லாவற்றுக்கும் பாட்டரி முனையில் நேரடி வயர். பாட்டரி ஸ்க்ரூவின் கீழ் ஆறு ரிங் டெர்மினல் அடுக்கினால் அது தளராமல் என்ன செய்யும்? வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று திகைத்து நிற்பவரிடம் நான் முதலில் கேட்பது, பாட்டரி முனை இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான். பாதி நேரம் அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

டயரில் பிராண்ட் பேச்சுக்கே இடமில்லை. பங்க்சர் எல்லோருக்கும் பொது. பளுவான டூரிங் வண்டியில் பின் டயர் ராலி முழுக்கத் தாங்காது, நடுவில் எங்கே மாற்றுவது என்று முன்பே திட்டமிட்டு வைத்திருக்க வேண்டும். அதனாலேயே கோல்டுவிங் ஓட்டுபவர்கள் சிலர் பின்னால் கார் டயரே மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வளைவுகளில் வண்டி நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. வீல் பேரிங்குக்கு என்ன விலை வந்துவிடப் போகிறது. டயர் கழற்றும்போதெல்லாம் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு தெரிந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பிராண்டுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கும் இடம் ஒன்று உண்டு. நின்ற பிறகு யார் கை கொடுப்பார்கள் என்பது. அமெரிக்காவில் ஹோண்டா, யமஹா, ஹார்லி டீலர்கள் சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். ஐரோப்பிய பிராண்டுகளின் டீலர்கள் அவ்வளவு நெருக்கமாக இல்லை, அடுத்த டீலர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அது போக அங்கே பைக் டீலர்களில் பலர் ஞாயிறும் திங்களும் கடை திறப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி வண்டி நின்றால் செவ்வாய்க்கிழமை காலை வரை காத்திருக்க வேண்டும். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதைதான். இந்த விஷயத்தில் பி.எம்.டபிள்யூ.வுக்கு ஒரு ஈடு இருக்கிறது. அதன் உரிமையாளர் சங்கம் உதவத் தயாராக இருக்கும் உறுப்பினர்களின் போன் எண்களைப் பட்டியலாகவே தொகுத்துக் கொடுக்கிறது. நடுராத்திரி முன்பின் தெரியாத ஒருவர் தன் கராஜைத் திறந்துவிடுவார் என்பது சாதாரண விஷயமில்லை. டீலர் எண்ணிக்கையில் அது வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுபவர் இருக்கிறார். ராலியை முடிக்காமல் போனவர்களில் வண்டி உடைந்தவர்கள் ஒரு பகுதிதான். தூக்கம், நேரக் கணக்குத் தவறுவது, ராத்திரி குறுக்கே பாயும் மான், இவை எல்லாம் சேர்ந்தது மீதி. அனுபவசாலிகள் ஒரு சில மாடல்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் திறமையால் முடித்தது அந்த மாடலின் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்த ராலியில் 'ஹோப்லெஸ் கிளாஸ்' என்று செல்லமாக ஒரு பிரிவே உண்டு. தேறாது என்று எல்லோரும் நினைக்கும் பழைய வண்டி, சின்ன வண்டியில் வருபவர்களுக்கு. அவர்களிலும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் ஸ்பேனரும் கையுமாக இருந்தாலும், தன் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்தவர்கள் அவர்கள்.

வாங்குவதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், முதல் 1,000 மைல் ஓட்டத்துக்காகப் புது வண்டி வாங்க வேண்டாம். 24 மணி நேரத்தில் அந்த தூரத்தை முடிப்பதைத்தான் சேடில்சோர் என்கிறார்கள். 60,000 கி.மீ. உங்கள் கையிலேயே ஓடிய வண்டி இருந்தால், அது எந்த பிராண்டாக இருந்தாலும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சத்தம் மாறினால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த மாடலின் பெயரைப் போட்டு 80,000, 1,00,000 கி.மீ. தாண்டியவர்களுக்கு என்ன உடைந்தது என்று தேடிப் படியுங்கள். மூன்று நான்கு பாகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைப் புறப்படும் முன்பே மாற்றுங்கள். கழற்றிய பழையது நல்ல நிலையில் இருந்தால் ஸ்பேராகப் பெட்டியில் போடுங்கள். அப்புறம், எந்த மாற்றமாக இருந்தாலும் கடைசி வாரத்தில் செய்யாதீர்கள். புது டேங்க், புது விளக்கு, புது செயின் எதுவானாலும் மாட்டிய பிறகு 2,000 கி.மீ.யாவது ஓட்டுங்கள். மாட்டி 500 கி.மீ. ஆனதும் அதன் போல்ட் ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு போல்ட் இன்னும் கால் சுற்று இறுக்கக் கேட்கும்.